நிறைஞ்சிருக்கு என்று நான் எழுதிய வீடு

அன்பையும் சண்டையையும் ஒரே கையால் அள்ளிப் போட்ட என் அண்ணிக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்களுக்கு நினைவு மலர் போடுகிறார்கள். அட்டையில் உங்கள் கல்யாணப் படம். 'எரும மாடு முழிக்கிற மாதிரி இருக்கேன்' என்று பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தீர்களே, அதே படம்தான். அதன் கீழே 'கருணைக் கடல்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். பிழை பார்க்க அண்ணன் என்னிடம்தான் கொடுத்தார். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. மற்றப் பிழைகளைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"நீயும் ஒரு பக்கம் எழுதிக் குடு கமலம். உருக்கமா இருக்கணும்" என்றார். ஏழு பக்கத்தில் துணிக்கடை, நகைக்கடை விளம்பரங்கள். நடுவில் ஒரு பக்கத்துக்கு உருக்கம். எனக்கு உருக்கம் வரவில்லை அண்ணி. வந்ததை எழுதுகிறேன். அவர்கள் இதைப் போடமாட்டார்கள் என்பதால் வேறு பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உங்களைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த சிலவற்றையே உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுமை உங்களிடம் எப்போதும் இருந்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நம் கதையே அப்படித்தானே தொடங்கியது. கல்யாணம் நிச்சயமானதும் நீங்கள் இறம்பொடையிலிருந்து எனக்கு ஒரு கடிதம் போட்டீர்கள். நான் அப்போது காலேஜ் படிப்பை முடித்திருந்தேன். அதிலிருந்த சந்திப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினேன். விளையாட்டுக்கு என்று நினைத்தேன். நீங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வருடம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தச் சிவப்பு மை என் கையை விட்டு இன்னும் போகவில்லை அண்ணி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அட்டன் பஜாரில் அண்ணனுடைய மளிகைக் கடைக்குப் பின்னால், வெறும் சாக்குகளைப் போட்டு வைக்கும் அறைதான் உங்கள் அறை. அதற்குச் சந்துப் பக்கம் ஒரு கதவு. பஜாரில் முப்பது நாற்பது வீடுகளில் ஆளுக்கொரு பிஸ்கட் தகரத்தைக் கொடுத்து வைத்தீர்கள். உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி அதில் போட வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கொட்டிக்கொண்டு வருவீர்கள். பச்சை, புழுங்கல், சிவப்பு, வெள்ளை, கூப்பன் அரிசி, சில பேருடைய கஞ்சத்தனத்தில் குருணை, எல்லாம் கலந்த அரிசி. அதைப் பொங்கினால் பாதி குழைந்துவிடும், பாதி நறுக்கென்று நிற்கும். ஆனாலும் அது வயிற்றுக்குள் போனது.

யாருக்கு? தேயிலைத் தோட்டத்தில் பேர் வெட்டப்பட்டவர்களுக்கு. இந்த மலையில் அந்த இரண்டு சொல்லைக் கேட்டால் அடுப்பு அணைந்துவிடும். தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டினால் வேலை போகும். வேலையோடு தோட்டத்து ஸ்டோரில் அளந்து போடும் அரிசியும் போகும். லயம் என்கிற வரிசை வீட்டில் கொடுத்த ஒற்றை அறையையும் காலி பண்ணச் சொல்வார்கள். குடியுரிமையும் பிடுங்கப்பட்ட ஜனம் எங்கே காலி பண்ணிப் போகும்? வழக்கு முடிகிற வரைக்கும் அதே அறையில் பிடிவாதமாக உட்கார்ந்திருப்பார்கள். பிடிவாதத்துக்குச் சோறு வேண்டுமே.

அவர்கள் வந்து கதவருகில் நிற்பார்கள். அரிசி இல்லை என்று ஒருத்தியும் சொல்லமாட்டாள். விளக்கு வைக்கிற வீட்டுக்காரி அந்தச் சொல்லை வாயிலிருந்து விடக்கூடாது, விட்டால் பலித்துவிடும். பானை காலியானால் நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்ல வேண்டும். நம் வீட்டிலும் அப்படித்தான். இதைப் படிக்கிற எத்தனையோ பேர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

"என்னா புள்ள, வீட்டுல எப்படி?"

"நெறஞ்சிருக்குங்கம்மா."

"நெறஞ்சா வழியுமே. ஏந்திக்கிட என்னா கொண்டாந்த?"

"முந்தான இருக்குங்க."

"ஒன் முந்தானைய நம்பிக் குடுத்தா போற வழியெல்லாம் கோழிக்குத்தான் சாப்பாடு. இந்தா, பையப் புடி. பையி திரும்பி வரணும், சொல்லிட்டேன்."

அவ்வளவுதான். ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கிடையாது. ஒரு தடவை நான்தான் கேட்டேன், இல்லை என்பதை இல்லை என்று சொன்னால் என்ன அண்ணி, இது வெறும் மூடநம்பிக்கைதானே என்று.

"ஏன்டி காலேஜு, முப்பத்தாறு வயசாகியும் ஒனக்குக் கல்யாணம் ஆகலன்னு யாராச்சும் ஒன் மூஞ்சிக்கு நேரா சொன்னா எப்படி இருக்கும்?"

"இப்ப நீங்கதானே சொன்னீங்க."

"நான் ஒன் அண்ணி. சொல்லலாம்."

நீங்கள் போன பிறகு எட்டு மாதம் அந்தக் கதவில் நான் நின்றேன். பள்ளிக்கூடம் விட்டதும் வந்து திறப்பேன். உங்களைப் போல வாயடிக்க எனக்கு வரவில்லை. பேசாமல் அளந்து கொடுத்தேன். அவர்களும் என்னைப் பொறுத்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் அண்ணனுக்கு நகரசபைத் தேர்தல் ஞாபகம் வந்தது.

திடீரென்று உங்கள் பிடியரிசிக்கு ஒரு சங்கம் முளைத்தது. உங்கள் பேரில்தான். அண்ணன் தலைவர். நோர்வூட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர் காரியதரிசி. நாம் எல்லாரும் 'கிளாக்கரையா' என்போமே, அவர்தான். நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்கள் அறைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர். தன் மனைவி தகரத்தில் அரிசி போடுவதைக்கூடத் தடுத்தவர். இப்போது கூட்டத்தில் 'அம்மையார் விட்டுச் சென்ற அறப்பணி' என்று தொண்டை கரகரக்கப் பேசுகிறார். உண்மையாகவே கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

முதல் தீர்மானம் என்ன தெரியுமா? பின்கதவை மூடுவது. "தர்மம் பண்றத என்னத்துக்குச் சந்துக்குள்ள பண்ணணும்? முன்னால பண்ணுவோம். நாலு பேரு பாக்கட்டும்" என்றார் அண்ணன். கதவோரமாக வெங்காய மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். இரண்டாவது தீர்மானம், யாருக்கு உண்மையாகவே கஷ்டம் என்று வீடு வீடாகப் போய் விசாரித்துப் பாரம் நிரப்புவது. ஃபாரத்தை நம் ஜனங்கள் பாரம் என்று சொல்வது எவ்வளவு பொருத்தம்! பிரஜாவுரிமைக்கு எத்தனை பாரம் நிரப்பினார்கள். எந்த ஊர், எந்தத் தேதி, அப்பன் பிறந்த இடம் எது என்று கேட்டுக் கேட்டு, சொன்ன பதிலையே பிடித்துக்கொண்டு துரத்தினார்கள். அதே வித்தையை இப்போது ஒரு படி அரிசிக்கு நம் ஆட்களே செய்கிறார்கள்.

எழுத ஒரு ஆள் வேண்டும். "கமலம் படிச்சவ, அவ எழுதட்டும்" என்றார் அண்ணன். நான் போனேன். வேறு யாராவது போனால் மோசமாகிவிடும், நான் போனால் பார்த்து எழுதலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவர்கள் ஒரு கேவலத்துக்குத் துணை போகும்போது இப்படித்தான் நினைத்துக்கொள்கிறோம் போலிருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நோர்வூட்டுக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைக்குள் ஏறி லயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கிளாக்கரையா படியில்கூட ஏறவில்லை. பூட்ஸில் சேறாகிவிடுமாம். கீழே நின்றபடி குடையின் நுனியால் கதவுகளைத் தட்டிக்கொண்டே வந்தார்.

மாரியாயியை உங்களுக்குத் தெரியும். கணக்கப்பிள்ளையை எதிர்த்துப் பேசினான் என்று புருஷனுக்குப் பேர் வெட்டி, அவனோடு சேர்த்து இவளுக்கும் வெட்டினார்களே, அவள்தான். அவன் இப்போது நுவரெலியாவில் மரக்கறித் தோட்டத்தில் அன்றாடக் கூலிக்கு அலைகிறான். நீங்கள் போன பிறகு அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க டீச்சர். வாங்க ஐயா. உள்ளுக்கு வாங்க" என்று சாக்கை விரிக்கப் போனாள்.

"ஒக்கார நேரமில்ல. பேரு சொல்லு."

சொன்னாள். எத்தனை பிள்ளை, புருஷன் எங்கே, எல்லாம் சொன்னாள். அப்போதுதான் மாரியம்மன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி வைத்திருந்தாள். தகர விளக்கு, புகை நெளிந்துகொண்டிருந்தது.

"வீட்டுல அரிசி இருக்கா?"

மாரியாயி விளக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். லேசாகச் சிரித்தபடி சொன்னாள், "நெறஞ்சிருக்குங்க ஐயா."

கிளாக்கரையா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நெறஞ்சிருக்கு. எழுதிக்கங்க டீச்சர்."

நான் எழுதினேன் அண்ணி. என் பேனா ஒரு கணம் நின்றது, அதையும் சொல்லிவிடுகிறேன். நின்று, பிறகு எழுதியது. அரிசி இருப்பு: நிறைவு. சந்திப் பிழை இல்லாமல் எழுதினேன். அந்த லயத்தில் பேர் வெட்டுப்பட்ட குடும்பம் ஐந்து. விளக்கு வைத்த நேரம். ஐந்து வீட்டிலும் அதே பதில்தான். ஐந்தையும் எழுதினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மெதுவாகச் சொன்னேன். "ஐயா, அவங்க நிறைஞ்சிருக்குன்னு சொன்னது வேற அர்த்தத்துல."

"எனக்குத் தெரியாதா டீச்சர்? முப்பது வருசம் இந்த ஆளுங்ககூட வேல பாத்தவன் நான். எங்க வீட்டுலயும் அப்படித்தான் சொல்லுவா."

"அப்ப ஏன்..."

"எழுத்துல வந்தா எழுத்துதான். அவங்க சொன்னதத்தானே எழுதுனோம், நம்மளா ஒண்ணும் சேக்கலையே? அதோட, ஆளு கொறஞ்சா வாறவங்களுக்கு இன்னும் ஒரு கொத்து அரிசி சேத்து அளந்து போடலாம். படத்துல பாக்கவும் பை நெறஞ்ச மாதிரி இருக்கும்."

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். தெரிந்தே செய்திருக்கிறார். தெரிந்து செய்தவரின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, நான் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

போன சனிக்கிழமை விழா. கொழும்பிலிருந்து ஒரு பிரமுகர் வந்தார். வருவதாகச் சொன்ன நேரத்துக்கு மூன்று மணி நேரம் பிந்தி வந்தார். அதுவரை பெண்கள் கடைக்கு முன்னால் தெருவில் வரிசையாகத் தூறலில் நின்றார்கள். உங்கள் படத்துக்கு என் உயரத்துக்கு ஒரு மாலை. படம்பிடிப்பவன் ஒவ்வொருத்தியையும் நிறுத்தி "சிரிங்க, சிரிங்க" என்றான். ஒரு பை அரிசிக்கு ஒரு சிரிப்பு. பிரமுகர் பையின் ஒரு காதைப் பிடிக்க, அவள் மறு காதைப் பிடிக்க, வெளிச்சம் பளிச்சென்று அடித்து ஓயும் வரை அவர் விடமாட்டார். ஒரு கிழவியின் பிடியிலிருந்து பை நழுவியதால் மறுபடி எடுத்தார்கள்.

மாரியாயியும் வந்திருந்தாள். முதலில் சந்துப் பக்கம் போய்க் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறாள். பிறகு முன்னால் வந்து கடைசியில் நின்றாள். அவள் முறை வந்ததும் கிளாக்கரையா பாரத்தைப் பார்த்தார்.

"மாரியாயி. இருப்பு நிறைவு. நீ எதுக்கும்மா வரிசையில நிக்கிற?"

"ஐயா அன்னைக்குக் கேட்டீங்க, சொன்னேனுங்களே."

"அதத்தான் நானும் சொல்றேன். நெறஞ்சிருக்குன்னு நீதான் சொன்ன. நான் எழுதல. இந்தா பாரு, டீச்சர் கையெழுத்து."

முன்னால் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்ற ஒருத்தி சத்தமாகச் சொன்னாள், "நெறஞ்சிருக்குன்னா என்னான்னு ஒங்க சம்சாரத்துக்கிட்டக் கேளுங்க கிளாக்கரையா! அவுங்களுக்குத் தெரியும்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். கிளாக்கரையாவின் காது சிவந்தது. பிரமுகர் என்ன சத்தம் என்று திரும்பினார். அண்ணன் ஓடி வந்தார்.

"சரி சரி, சத்தம் போடாதீங்க. மாரியாயி, இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்கிக்கிட்டுப் போ. ஒரே ஒரு வார்த்த. சொல்லு."

அவளுக்குப் பால் வற்றிவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிள்ளை அவள் சேலை நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அவள் அண்ணனைப் பார்த்தாள். மாலைக்குள் இருந்த உங்களைப் பார்த்தாள்.

"அம்மா எங்கிட்ட இந்த வார்த்தயக் கேட்டதே இல்லைங்க மொதலாளி. நான் சொல்லி, அது பலிச்சுப் போச்சுன்னா? எனக்குப் புள்ள இருக்குங்க."

சொல்லிவிட்டுப் பிள்ளையின் தலையில் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு நடந்துவிட்டாள். விருந்தாளிகளுக்குப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் எழுந்தேன். "அண்ணே, தப்பா எழுதினது நான்தான். அவளைக் கூப்பிடுங்க" என்றேன். அண்ணன் பிரமுகரைப் பார்த்துச் சிரித்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒக்காரு கமலம். விருந்தாளி இருக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். நாற்பத்திரண்டு வயது, இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு 'நேர்மை' என்று கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுக்கிறவள், உட்கார்ந்தேன். பிரமுகர் தேநீர் குடித்து முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். நீங்கள் இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பீர்களா, இல்லை, மறுபடி ஆறு வருடம் பேசாமல் இருந்திருப்பீர்களா?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டு அரிசியை எல்லாம் ஒரு பையில் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். மாரியாயியின் அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. லயத்தில் பேர் இருக்கிறவர்கள், முந்தின நாள் நடந்ததைக் கேள்விப்பட்டு, தங்கள் ஸ்டோர் அரிசியிலிருந்து ஆளுக்கொரு சுண்டு, ஒரு சின்ன டின் அளவு, கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். சங்கமும் இல்லை, தலைவரும் இல்லை. யாரும் படம் பிடிக்கவும் இல்லை.

"என்னை மன்னிச்சிரு மாரியாயி" என்றேன். வாசலிலேயே நின்றுகொண்டு, பரிசு வாங்க வந்தவள் மாதிரி பையைப் பிடித்தபடி.

"மொதல்ல ஒக்காருங்க டீச்சர்." பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணியை ஆற்றி ஊட்டிக்கொண்டே பேசினாள். "எழுதுனதுக்கு நான் கோவிக்கல. எழுதுறது ஒங்க வேல. ஆனா அந்த ஐயா மொகத்தப் பாத்து நான் சொல்லல டீச்சர். ஒங்க மொகத்தப் பாத்துத்தான் சொன்னேன். ஒங்களுக்குப் புரியும்னு."

பையை அவள் பக்கம் தள்ளினேன்.

"எடுத்துக்கிறேன். வேணாம்னு சொல்ல நான் என்ன பெரிய கங்காணி வீட்டுப் பொண்ணா? புள்ளைக்கு வேணும். மத்த நாலு வீட்டுக்கும் பகிந்து குடுக்கணும்." பையைத் தூக்கி எடை பார்த்தாள். "இது எத்தன நாளைக்கு டீச்சர்? பொறகு?"

அது நல்ல கேள்வி. பஸ்ஸில் வரும்போது நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். சங்கத்தின் ஆள் வந்து பையை நீட்டினால் இப்போது பஜார்ப் பெண்கள் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. வெள்ளிக்கிழமை நானே வீடு வீடாகப் போய் வாங்கி வரலாம் என்று இருக்கிறேன்.

மாரியாயி சிரித்துவிட்டாள். விழுந்து விழுந்து சிரித்தாள். பிள்ளையும் காரணம் தெரியாமல் சிரித்தது.

"நீங்களா? ஒங்களுக்குக் கேக்கத் தெரியாது டீச்சர். நீங்க போயி நின்னா, பரீட்ச வைக்க வந்திருக்காங்கன்னு கதவச் சாத்திருவாங்க."

"அப்ப என்ன செய்யச் சொல்ற?"

"நான் வாரேன். எனக்குத்தான் தோட்டத்துல வேல இல்லையே. நான் பேசிக்கிறேன். நீங்க பையத் தூக்கிக்கிட்டுப் பொறத்தால வாங்க. வாய மட்டும் தொறந்திராதீங்க."

திங்கட்கிழமை சங்கத்திலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தேன். "போட்டிக் கட நடத்தப் போறியா? ஒன் அண்ணி பேர நாறடிக்கவா?" என்றார் அண்ணன். நாறியது யாரால் என்று கேட்டேன். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. உங்களைக் கட்டிக்கொண்டு இத்தனை வருடம் வாழ்ந்ததில் பேசாமலிருக்க மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

அண்ணி, நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. மாரியாயி பத்து மணி பஸ்ஸில் வருவாள். நான் பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன். துணிக்கடைத் தெருவில் தொடங்கிக் கோயில் முனை வரை அவள் முன்னால் போவாள், நான் இரண்டடி பின்னால் நடப்பேன். அவள் எந்த வீட்டில் நிற்கச் சொல்கிறாளோ அங்கே நிற்பேன். அவள் சொல்வது தப்பு என்று எனக்குப் பட்டாலும் திருத்தமாட்டேன். கிளாக்கரையா வீட்டுக்கும் போவோம் என்கிறாள், அந்த அம்மா கட்டாயம் போடுவாராம். அங்கேயும் நின்று பையை விரித்துப் பிடிப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

பேனாவை வீட்டில் வைத்துவிட்டு வரும்
உங்கள் நாத்தனார்,
கமலம்